நிறுத்திய வண்டி நிற்க வேண்டாமா?

ஓடுகின்ற வாகனத்தைக் கண்டால் ஒதுங்கிக்கொள்ளும் நாம், நிற்கின்ற வாகனத்தை நம்பி அதன் நிழலிலேயே குழந்தையை உட்கார வைத்துவிடுகிறோம். சமவெளியில் அந்த நம்பிக்கைக்குப் பங்கம் வருவது அரிது; ஆனால் இலங்கை மலையகத்தின் பசறை, லுணுகலை, மடுல்சீமைப் பாதைகளிலும் அவற்றிலிருந்து லயங்களுக்குப் பிரியும் தோட்டத்து வழிகளிலும் மட்டமான நிலம் அருமையாகவே கிடைப்பதால், இங்கே வண்டி நிற்பதென்பது, சரிவு இழுக்க இழுக்க இயந்திரம் இடைவிடாது செய்கின்ற பிரயத்தனமேயாகும்.

தானியங்கிக் கியர் காரில் 'பி' என்னும் நிலைக்குத் தண்டைத் தள்ளும்போது, கியர்ப்பெட்டிக்குள் சிறியதோர் உலோகப் பல் பற்சக்கரத்தில் விழுந்து பூட்டிக்கொள்கிறது. ஹேண்ட்பிரேக்கை இழுக்காமல் இறங்குகிறவர் காரின் முழுப் பாரத்தையும் அந்த ஒரு பல்லில் தொங்கவிட்டுப் போகிறார். ஹேண்ட்பிரேக்கின் கம்பியும் நாளடைவில் தளர்வதே. அன்றியும், நெடிய இறக்கத்தில் சூடேறிய பிரேக் தட்டுகள் ஆறிச் சுருங்கும்போது பிடி நெகிழ்ந்து, சற்று முன்வரை அசையாதிருந்த வண்டி ஆளில்லாமலே உருளத் தொடங்குவதும் உண்டு. தொழிற்சாலைச் சக்கரத்துக்கும் ரோதைமுனியைக் காவல் வைத்து வணங்கிய நம்மவர்கள் இதில் அமானுஷ்யம் எதையும் தேட வேண்டியதில்லை. காரணம் இரும்பிலேயே இருக்கிறது.

வண்டி உருண்டால் சாரதியின் அசிரத்தை என்று தீர்ப்புச் சொல்வது எளிது. எனினும், 1970களில் செய்யப்பட்ட ஃபோர்ட் கார்கள் 'பி'யிலிருந்து தாமே பின்கியருக்கு நழுவுகின்றன என்ற முறைப்பாடுகள் அமெரிக்காவில் குவிந்தபோது, 1980 இறுதியில் ஏற்பட்ட சமரசத்தின்படி 2 கோடிக்கு மேற்பட்ட வாகனங்களுக்குக் கிடைத்தது திருத்தமன்று, எச்சரிக்கை ஒட்டுத்தாளே. 2016 ஜூனில் அன்டன் யெல்சின் என்ற இளம் நடிகர் தம் வீட்டுச் சரிவில் தம் ஜீப்பாலேயே நசுங்கி மாண்டார். கியர் எந்த நிலையில் இருக்கிறதென்று உணர்த்தத் தவறிய தண்டுக்காக, இரண்டு மாதங்களுக்கு முன்பே திருத்தத்துக்கு அழைக்கப்பட்ட சுமார் 11 லட்சம் வாகனங்களில் அதுவும் ஒன்று.

அத்தகைய அழைப்பு, ஜப்பானில் ஒருவர் ஓட்டிய பின் கப்பலேறி, இங்கே மூன்றாவது கைக்கு மாறிய காரின் சொந்தக்காரரை எப்படி வந்தடையும்? 2020இல் நின்ற கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் தொடங்கியதால், நம் வீதிகளில் ஓடும் வாகனங்களும் முதுமையடைந்துவிட்டன. அவற்றின் புகையை ஆண்டுதோறும் அளந்து சான்றிதழ் கேட்கும் அரசு, தனியார் காரின் ஹேண்ட்பிரேக் சரிவில் தாங்குமா என்று கேட்பதில்லை. 2025 செப்டெம்பர் 4ஆம் திகதி எல்ல–வெல்லவாய வீதியில் பேருந்து பள்ளத்தில் வீழ்ந்து 15 உயிர்கள் போனபின், ஓடும் வண்டியின் பிரேக்கைப் பற்றி நிரம்பப் பேசினோம். நிற்கும் வண்டியின் பிரேக் இன்னும் அநாதையாகவே கிடக்கிறது.

மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களம் புகைப் பரிசோதனையோடு ஹேண்ட்பிரேக் பரிசோதனையையும் கட்டாயமாக்குதல் வேண்டும். இறக்குமதியாளர்கள் ஒவ்வொரு காரின் அடிச்சட்ட எண்ணையும் உற்பத்தியாளரின் திருத்த அழைப்புப் பட்டியலோடு ஒப்புநோக்கிய பின்பே விற்க வேண்டும். அதுவரை, வாசகரே, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, முன்சக்கரங்களை மண்மேட்டுப் பக்கம் திருப்பி, கொழுந்து லொறிக்காரர்கள் செய்வதுபோல் சக்கரத்துக்கு ஒரு கல்லையும் அண்டை கொடுங்கள். புறப்படும்போது அந்தக் கல்லை நடுவீதியில் விட்டுப் போகாதீர்கள்.