பகலில் உறங்குகிறவர்கள்

ஓசூரில் சிப்காட்டை ஒட்டிய லைன் வீடொன்றில் சில ஆண்டுகள் குடியிருந்தேன். ஒரே வரிசையில் ஆறு வீடுகள். இடையில் மெல்லிய சுவர்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது, ஒடியா என்று ஐந்து மொழிகள் அந்த முற்றத்தில் புழங்கின. மொழியால் அங்கே ஒருநாளும் சண்டை வந்ததில்லை. மிக்சியால் வந்தது.

காலை ஏழரை மணிக்குத் தெலுங்கு பேசும் அக்கா சட்னி அரைப்பார். பக்கத்து வீட்டு ஒடிசா இளைஞர்கள் இரவு ஷிப்ட் முடிந்து அப்போதுதான் படுத்திருப்பார்கள். ஒருநாள் அவர்கள் சுவரைத் தட்டினார்கள். "பகல்ல தூங்குறவங்களுக்காக ஊரே சமைக்காம இருக்குமா?" என்று கேட்டார் அக்கா. முற்றம் முழுவதும் அவர் பக்கம் நின்றது, நானும்தான். வடக்கத்திப் பையன்களுக்கு நம் வீட்டுப் பழக்கம் புரியாது என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம்.

அது பிழை என்று இப்போது நினைக்கிறேன். மிக்சியின் ஓசை ஒடிசாவிலும் உண்டு. எங்களைப் பிரித்தது பண்பாடு அல்ல, பொழுது.

வீட்டு ஓசையைப் பொறுத்துக்கொள்வது மட்டுமல்ல, அதைப் பாட்டாகவும் ஆக்கிக்கொண்டது நம் மரபு. உலக்கையால் இடிக்கும் பெண்களின் வள்ளைப்பாட்டு சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் இடம்பெற்றிருக்கிறது. இடிக்கிறவரும் கேட்கிறவரும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் விழித்து ஒரே நேரத்தில் உறங்கிய ஊர்களில் அந்தப் பொறுமை எளிதாக இருந்திருக்கும். கேழ்வரகு திரிக்கும் கல்லின் ஓசை அங்கே யார் உறக்கத்தையும் கெடுக்கவில்லை. விடிந்துவிட்டது என்று சொன்னது.

1980களில் லாரி, மொபெட், கைக்கடிகாரத் தொழிற்சாலைகள் ஓசூருக்கு வந்தன. கடிகாரம் செய்யும் ஊரில் பொழுது மூன்று ஷிப்டுகளாக உடைந்தது. ஆனால் நம் நாகரிகம் பழைய ஒற்றைப் பொழுதிலேயே நின்றுவிட்டது. சட்டமும் அப்படித்தான். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று வரையறுக்கின்றன. இரவென்பது பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை. ஞாயிற்றுக்கிழமையில் குடியிருப்புப் பகுதிகளில் புல்வெட்டும் இயந்திரத்தை இயக்கக் கூடாது என்று சட்டம் வைத்திருக்கும் ஜெர்மனியும் ஊர் முழுமைக்கும் ஒரே ஓய்வு நேரத்தைத்தான் கற்பனை செய்கிறது. காலை ஏழு மணிக்குக் கண்ணயர்பவர் இவற்றில் எதிலும் இல்லை.

அக்காவின் மீது குற்றம் சொல்ல முடியாது. பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகளுக்கு அவர் சமைத்தாக வேண்டும். ஆனால் அந்த இளைஞர்கள் கேட்டதும் அமைதி என்னும் ஆடம்பரத்தை அல்ல. உறக்கம் கெட்டவர் அன்றிரவு பிரஸ் இயந்திரத்தின் முன் கைகளை நீட்டி நிற்க வேண்டும். நமக்குச் சட்னி, அவருக்கு விரல்கள்.

இதற்குச் சட்டம் வந்து தீர்வு சொல்லப்போவதில்லை. அடுத்த வீட்டில் இந்த வாரம் யாருக்கு எந்த ஷிப்ட் என்று கேட்டு வைத்துக்கொள்ளலாம். மிக்சியைச் சுவரோரத் திண்டிலிருந்து எதிர்ப்பக்கம் மாற்றலாம். முந்தின இரவே அரைத்து வைக்கலாம். இவை சிறிய செயல்கள்தாம். ஆனால் அண்டை வீட்டாரின் இரவு எப்போது தொடங்குகிறது என்று அறிந்திருப்பதுதான் இத்தகைய ஊர்களில் இனி அண்டை அயல் என்பதற்குப் பொருள். அந்த முற்றத்தில் இருந்த காலத்தில் நான் ஒருமுறையும் அதைக் கேட்டதில்லை.