பயிற்றுநர் சொல்லும் 'நாம்'

2025 நவம்பர் 28 அன்று மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தின் கால்பந்து அணி, அதே மாநிலப் பகையணியான மிசிசிப்பி மாநிலப் பல்கலைக்கழகத்தை வென்று, 11 வெற்றி, ஒரே ஒரு தோல்வி என்ற கணக்கோடு பருவத்தை முடித்தது. பிளேஆஃப் சுற்றில் அதன் இடம் ஏறத்தாழ உறுதியாகிவிட்டது. அந்த அணி அதுவரை அச்சுற்றின் வாசலையே மிதித்ததில்லை. ஆக்ஸ்ஃபோர்டு என்னும் அச்சிற்றூர் கொண்டாடியிருக்க வேண்டும். ஆனால் அன்று இரவு ரசிகர் பேசியது ஆட்டத்தைப் பற்றியன்று. பயிற்றுநர் லேன் கிஃபின் இருப்பாரா, போவாரா என்பதைப் பற்றியே. இரண்டு நாளில் விடை வந்தது. அதே லீகில் ஆடும் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம், ஏழு ஆண்டுக்கு, ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1.3 கோடி டாலர் ஊதியத்தில் அவரை அழைத்துக்கொண்டது. விமான நிலையம் வரை சென்று வசைபாடி வழியனுப்பினர் ரசிகர்.

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தை நம் ஊர்க் கல்லூரி விளையாட்டு விழாவோடு ஒப்பிட்டால் இந்தச் சினத்தின் அளவு பிடிபடாது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மைதானத்தில் 1,07,000-க்கும் மேற்பட்டோர் அமரலாம். சேப்பாக்கத்தின் கொள்ளளவைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். பெரும்பாலான மாநிலங்களில் அரசு ஊதியம் பெறுவோருள் மிக அதிகம் பெறுபவர் ஆளுநரோ துணைவேந்தரோ அல்லர். பல்கலைக்கழகத்தின் கால்பந்து அல்லது கூடைப்பந்துப் பயிற்றுநரே. மிசிசிப்பி, அலபாமா, நெப்ராஸ்கா போன்ற மாநிலங்களில் என்.எஃப்.எல். அணி எதுவும் கிடையாது. அங்கே பல்கலைக்கழகமே ஊர். அணியே ஊரின் முகம். அந்த முகத்துக்கு ஒரு பயிற்றுநரின் பெயரை வைத்துவிடுவது இயல்பாகவே நடந்துவிடுகிறது.

பயிற்றுநர் போய்விடுவாரோ என்னும் அச்சத்தை விவரமறிந்த விமர்சகர் பலர் சிறுபிள்ளைத்தனம் என்று தள்ளுகின்றனர். இது தொழில், யாரும் நல்ல வேலைக்குப் போகத்தான் செய்வார், நீயும் போவாய் என்பது அவர்கள் வாதம். பாதி உண்மை. மீதிப் பாதியை அவர்கள் சொல்வதில்லை: இந்தத் தொழிலின் மதிப்பே, ரசிகர் இதைத் தொழிலாகக் கருதாமல் இருப்பதில்தான் அடங்கியிருக்கிறது. நுழைவுச்சீட்டு வாங்குபவனும், நன்கொடை தருபவனும், மழையில் நனைந்தபடி நான்கு மணிநேரம் கத்துபவனும் தாம் ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் என்று எண்ணிக்கொண்டு அதைச் செய்வதில்லை. கூட்டத்தைத் திரட்டும்போது குடும்பம். பிரியும்போது மட்டும் தொழில் என்றால், ஏமாந்தவனைக் குழந்தை என்று அழைப்பது முறையாகாது.

இதில் மொழிக்கு ஒரு பங்கு உண்டு. ஆங்கிலத்தில் தன்மைப் பன்மை ஒன்றே: 'வீ'. கேட்பவரைச் சேர்த்தும் சொல்லலாம், விலக்கியும் சொல்லலாம், சொல் மாறாது. தமிழில் அந்த வசதி இல்லை. வாயைத் திறக்கும்போதே நாமா நாங்களா என்று முடிவு செய்தாக வேண்டும். சியால்டினியும் அவருடைய கூட்டாளிகளும் 1976-இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வு, கல்லூரிக் கால்பந்தைக் களமாகக் கொண்டது. அணி வென்ற வாரத்தின் திங்கட்கிழமை மாணவர் தம் பல்கலைக்கழகப் பெயர் பொறித்த ஆடையை மிகுதியாக உடுத்தினர். வெற்றியை விவரிக்கும்போது 'வீ' என்ற சொல்லைத் தோல்வியை விவரிக்கும்போதையவிட அதிகம் ஆண்டனர். இந்த ஆய்வை ரசிகரின் போலித்தனத்துக்குச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. அதன் மறுபக்கத்தை அவர்கள் கேட்பதில்லை என்பதுதான் வியப்பு. செய்தியாளர் கூட்டத்தில் பயிற்றுநர் சொல்லும் 'வீ' எது? அரங்கிலிருக்கும் ரசிகன் அதை 'நாம்' என்று கேட்கிறான். பயிற்றுநரும் அவருடைய துணைப் பயிற்றுநரும் அவருடைய முகவரும் அடங்கிய 'நாங்கள்' அது என்பது, அவர் விமானம் ஏறும் நாளில்தான் தெரியவருகிறது. அவரோடு கூடவே ஏறும் துணைப் பயிற்றுநர்களின் பட்டியலைப் பார்த்தால் அந்தப் பன்மையின் எல்லை எதுவென்று விளங்கும்.

மறுப்புரைகளின் இலக்கணம் இதனினும் சுவையானது. 2006 டிசம்பர் 21 அன்று, அப்போது மயாமி டால்ஃபின்ஸ் என்னும் தொழில்முறை அணியின் பயிற்றுநராக இருந்த நிக் சேபன், அலபாமாவின் பயிற்றுநராகத் தாம் இருக்கப் போவதில்லை என்று செய்தியாளரிடம் அழுத்தந்திருத்தமாகச் சொன்னார். 2007 சனவரி 3 அன்று அலபாமாவின் பயிற்றுநரானார். அந்த வாக்கியத்தை இன்றும் பொய்க்கு எடுத்துக்காட்டாகச் சொல்கின்றனர். ஆஸ்டினின் பேச்சுச்செயல் கோட்பாட்டைப் பயின்ற எவரும் சற்றுத் தயங்குவர். 'இருக்கப் போவதில்லை' என்பது வாக்குறுதியா, தன்னைப் பற்றிய ஒரு கணிப்பா? வடிவம் இரண்டுக்கும் இடம் தருகிறது. கேட்பவர் அதை உறுதிமொழியாக வாங்கிக்கொள்கிறார்; சொன்னவர் பிற்பாடு அதை அன்றைய நிலைமையின் அறிக்கையாக மாற்றிக்கொள்கிறார். 'இங்கே மகிழ்ச்சியாக இருக்கிறேன்', 'இப்போது என் கவனம் அடுத்த ஆட்டத்தில் மட்டும்' என்பனவும் இவ்வகையே. எல்லாம் நிகழ்காலம். எதிர்காலத்தைப் பற்றிய கேள்விக்கு நிகழ்காலத்தில் விடை சொல்லப்படும்போது விடை சொல்லப்படவில்லை என்பதே பொருள். ரசிகருக்கு இது தெரியும். தெரிந்திருப்பதால்தான் அவர்கள் சொல்லை விட்டுவிட்டுப் பல்கலைக்கழக நன்கொடையாளர்களின் தனி விமானங்கள் எந்த ஊரில் இறங்குகின்றன என்று இணையத்தில் பார்த்துக்கொண்டிருக்கின்றனர். இதைப் பித்து என்று சிரிப்போர், பேச்சு நம்பத்தகாததாகிவிட்ட இடத்தில் மனிதர் வேறு குறிகளைத் தேடுவர் என்ற எளிய உண்மையை மறந்துவிடுகின்றனர்.

சேபனுக்கு அந்த வாக்கியத்தால் என்ன கேடு வந்தது? ஒன்றுமில்லை. அலபாமாவில் ஆறு தேசியப் பட்டங்கள். மைதானத்தின் வாசலில் சிலை. மீறிய சொல்லுக்கு வெற்றி பிராயச்சித்தமாகிவிடும் என்று அவருக்குப் பின் வந்த எல்லாரும் கற்றுக்கொண்டனர்.

ஆயினும் பயிற்றுநரின் ஒழுக்கத்தைத் திட்டுவதில் பெரும் பயன் இல்லை. கோளாறு நாட்காட்டியில் இருக்கிறது. பள்ளி முடிக்கும் வீரர்கள் தாம் சேரவிருக்கும் பல்கலைக்கழகத்தோடு கையெழுத்திடும் காலம் டிசம்பர் முதல் வாரத்தில் வருகிறது. பிளேஆஃப் ஆட்டங்கள் டிசம்பர் மூன்றாம் வாரத்தில் தொடங்கிச் சனவரி நடுப்பகுதி வரை நீள்கின்றன. சனவரியில் வேறு அணிக்கு மாற விரும்பும் வீரர்களின் பதிவேடு திறக்கிறது. பயிற்றுநரை இழந்த ஒரு பல்கலைக்கழகம் பிளேஆஃப் முடியும்வரை காத்திருந்தால், புதிய வீரர்களும் போய்விடுவர், பழைய வீரர்களும் போய்விடுவர். எனவே நவம்பர் இறுதியிலேயே ஆள் பிடித்தாக வேண்டும். எந்த அணி நன்றாக ஆடுகிறதோ அந்த அணியின் பயிற்றுநருக்கே அழைப்பு வரும். அந்த அணிக்கே டிசம்பரில் ஆட்டம் மிச்சமிருக்கும். வெற்றியே பிரிவின் நாளைக் குறிக்கும் விந்தையான ஏற்பாடு இது. பருவத்தின் நடுவில் வேறோர் அணியோடு பேரம் பேச என்.எஃப்.எல். லீக் தன் பயிற்றுநரை இவ்வளவு தாராளமாக விடுவதில்லை.

ஓரிடத்தில் விழும் கல் எங்கெல்லாம் அலையெழுப்பும் என்பதற்கு 2024 சனவரி சாட்சி. 8-ஆம் தேதி வாஷிங்டன் பல்கலைக்கழகம் தேசிய இறுதியாட்டத்தில் மிச்சிகனிடம் தோற்றது. 10-ஆம் தேதி 72 வயது சேபன் ஓய்வை அறிவித்தார். 12-ஆம் தேதி வாஷிங்டனின் பயிற்றுநர் கேலன் டிபோர் அலபாமாவுக்குப் போனார். வாஷிங்டன் அரிசோனாவின் பயிற்றுநரை எடுத்துக்கொண்டது. அரிசோனா சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகத்தின் பயிற்றுநரை எடுத்துக்கொண்டது. டஸ்கலூசாவில் ஒரு முதியவர் ஓய்வு பெற்றதால் ஒரு வாரத்துக்குள் கலிஃபோர்னியாவில் ஒரு சிறிய அணி தலைவனின்றி நின்றது. இந்தச் சங்கிலியில் எப்போதும் கடைசிக் கண்ணிதான் அதிகம் இழக்கிறது. ஆனால் அதைப் பற்றி எழுதத் தொலைக்காட்சிக்கு நேரம் இருப்பதில்லை.

இழப்பவருள் முதலிடம் வீரருக்கு. பதினெட்டு வயதுப் பையனின் வீட்டு வரவேற்பறையில் அமர்ந்து, அவன் தாயிடம் 'உங்கள் மகனை நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று சொல்லித்தான் அவனைச் சேர்க்கின்றனர். 2021 வரை, பல்கலைக்கழகம் மாறும் கால்பந்து வீரன் பொதுவாக ஓராண்டு ஆடாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அவனைச் சேர்த்த பயிற்றுநரோ மறுநாளே வேறு ஊரில் புதிய தொப்பியோடு படம் எடுத்துக்கொள்ளலாம். அவ்வாண்டு ஏப்ரலில் விதி தளர்ந்தது. தளர்ந்ததும் எழுந்த ஓலம் நினைவிருக்கும்: வீரரிடம் விசுவாசம் இல்லை, இளைஞருக்குப் பொறுமை இல்லை என்று முதலில் புலம்பியவருள் பயிற்றுநரும் இருந்தனர்! அதே ஆண்டு நவம்பரில் பிரையன் கெல்லி நோட்ரடேம் பல்கலைக்கழகத்தை விட்டு, இதே லூசியானாவுக்குப் போனார். அப்போது நோட்ரடேமின் பிளேஆஃப் வாய்ப்பு முற்றிலும் அற்றுப்போயிருக்கவில்லை. அவருடைய வீரருக்குச் செய்தி முதலில் ஊடகம் வழியேதான் எட்டியது. 2025 அக்டோபரில் லூசியானா கெல்லியை விலக்கியது. ஒப்பந்தப்படி அவருக்குச் சேரவேண்டிய தொகை ஏறத்தாழ 5.4 கோடி டாலர். அந்தக் காலியிடத்துக்குத்தான் கிஃபின் போனார்.

ஒப்பந்தமே இங்கே உண்மை பேசும் ஒரே நூல். அதில் நிகழ்காலம் எதிர்காலம் என்ற குழப்பம் இல்லை. பயிற்றுநர் தாமாக விலகினால் எவ்வளவு, நீக்கப்பட்டால் எவ்வளவு என்று எழுதியிருக்கும். முதலாவது சிறிதாகவும் இரண்டாவது மலைபோலவும் இருந்தால், யார் யாருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார் என்பது புரியும். 2017-இல் டெக்சஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகம் ஜிம்போ ஃபிஷரைப் புளோரிடா மாநிலத்திலிருந்து பறித்துவந்தது. 2023-இல் அவரை நீக்கியபோது 7.5 கோடி டாலருக்கும் மேல் தரவேண்டியதாயிற்று. பயிற்றுநரை இழந்துவிடுவோமோ என்ற ரசிகரின் அச்சத்தைக் காட்டித்தான் முகவர்கள் இத்தகைய விதிகளைப் பெறுகின்றனர். அச்சம் பயிற்றுநரின் பேரம்பேசும் முதலாகிவிடுகிறது. முதலீடு செய்தவன் ரசிகன், வட்டி வாங்குபவர் முகவர். பென் ஸ்டேட் பல்கலைக்கழகம் 2025 அக்டோபரில் தன் பயிற்றுநரை நீக்கிய சில நாளிலேயே, இண்டியானா பல்கலைக்கழகம் தன் பயிற்றுநர் கர்ட் சிக்னெட்டிக்கு ஆண்டுக்கு ஒரு கோடி டாலரைத் தாண்டும் புதிய ஒப்பந்தம் அளித்தது. இண்டியானா தோற்காமல் தேசியப் பட்டம் வென்றது, உண்மை. நெடுங்காலம் தோல்விக்கே பெயர்போன அணி அது. அங்கே அச்சத்துக்குக் காரணம் அதிகம். எல்லா இடத்திலும் கணக்கு இப்படி நேராவதில்லை என்பதற்கு ஃபிஷரின் தொகை போதும்.

ஆய்வு மாணவருக்கு இந்த நிலை அத்தனை அந்நியமன்று. நெறியாளர் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போகும்போது ஆய்வகமும் திட்டநிதியும் உடன் போகும். மூன்றாம் ஆண்டு மாணவர் மட்டும் பதிவெண்ணோடு பழைய துறையின் தாழ்வாரத்தில் நிற்பார். அவருக்கும் யாரோ ஒருவர் 'நாம்' என்றுதான் சொல்லியிருப்பார். ஒரு வேறுபாடு: அவருக்காக எந்த விமான நிலையத்திலும் கூட்டம் கூடாது.

ரசிகர் கேட்க வேண்டியது பயிற்றுநரின் சத்தியத்தை அன்று. அவர் மனம் மாறும் உரிமை அவருக்கு உண்டு. வாழ்நாள் உறுதிமொழி கேட்பது கொத்தடிமை கேட்பதற்கு ஒப்பாகும். கேட்க வேண்டியது இறுதியாட்டம் முடியும்வரை எந்தப் பல்கலைக்கழகமும் ஆடிக்கொண்டிருக்கும் அணியின் பயிற்றுநரோடு பேசக்கூடாது என்னும் பொது விதியையும், அதற்கேற்ப கையெழுத்துக் காலத்தைத் தள்ளிவைப்பதையும். பல்கலைக்கழகத் தலைவர்களின் கையில் இருக்கும் வேலை இது. அவர்கள் செய்யாமல் இருப்பதற்குக் காரணம், இன்று இழப்பவர் நாளை பறிப்பவராக இருக்கலாம் என்ற நம்பிக்கை மட்டுமே.

அதுவரை ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் வழியைத் தானே கண்டுகொள்கிறது. பிளேஆஃப் வரை அணியைத் தாமே நடத்த கிஃபின் அனுமதி கேட்டார்; மிசிசிப்பி மறுத்து, தற்காப்புப் பிரிவின் பயிற்றுநர் பீட் கோல்டிங்கைத் தலைமைக்கு உயர்த்தியது. முதற்சுற்றில் எதிரே வந்த அணி துலேன். அதன் பயிற்றுநர் ஜான் சம்ரலும் புளோரிடா பல்கலைக்கழகத்தின் பணியை ஏற்றிருந்தார். துலேன் அவரைக் கடைசி ஆட்டம் வரை இருக்கவிட்டது. டிசம்பர் 20 அன்று ஆக்ஸ்ஃபோர்டின் மைதானத்தில், போகப்போகும் பயிற்றுநரோடு ஓர் அணியும், போய்விட்ட பயிற்றுநரின்றி ஓர் அணியும் எதிரெதிரே நின்றன. மிசிசிப்பி எளிதில் வென்றது. அடுத்து ஜார்ஜியாவையும் வென்று, அரையிறுதியில் மயாமியிடம் தோற்றது.