நரம்புக்கு எத்தனை விழுக்காடு?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கும் ஆலைகளும், பழைய பேட்டரிகளிலிருந்து ஈயம் பிரிக்கும் ஆலைகளும் உண்டு. ஈயம் உடலில் சேர்ந்தால் நரம்பு கெட்டு மணிக்கட்டு துவளும். உயரத்திலிருந்து விழுபவருக்குக் கை கால் தப்பினாலும் மூளை அடிபடலாம்.

1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம் வகுத்த அட்டவணை, கட்டைவிரல் போனால் 30 விழுக்காடு, ஒரு கையின் நான்கு விரல்களும் போனால் 50 என்று எண்ணி வைத்தது. மூளைக்கும் நரம்புக்கும் அதில் எண் இல்லை; சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்று மருத்துவர் மதிப்பிட வேண்டும். இவ்வட்டாரத் தொழிலாளர்களைப் பற்றி ஆய்வு செய்யும் எனக்கு இங்கேதான் கேள்வி: அளக்கப்படுவது உடலா, பிழைப்பா?

உச்ச நீதிமன்றம் பதில் சொல்லிவிட்டது. இடது கையை இழந்த தச்சர் ஒற்றைக் கையால் தொழில் செய்ய முடியாது, எனவே இழப்பு முழுமையானது என்றது 1975இல். கை போனாலும் அரசு எழுத்தருக்கு வேலை தங்கலாம், ஓட்டுநருக்குத் தங்காது என்றது 2010இல், ராஜ்குமார் வழக்கில்.

தலைமுறைகளாக நிலமும் படிப்பும் மறுக்கப்பட்ட சாதிகளிலிருந்து வருபவருக்கு உடலுழைப்புதான் முதல். மாறி உட்கார அவருக்கு மேசை ஏது? தலைசுற்றும் ஒருவரை உலையருகே யார் வேலைக்கு நிறுத்துவார்? சான்றிதழில் 20 என்று எழுதலாம்; போனது 100.

ஆகவே, நரம்பியல் மருத்துவரின் சான்றோடு, அவர் செய்த வேலை என்ன, இனி எந்த வேலை கிடைக்கும் என்பதையும் தொழிற்சங்கங்கள் எழுதி முன்வைக்க வேண்டும். அதைக் கேட்காமல் தரப்படும் விழுக்காடு சாதி போட்ட கணக்காகவே இருக்கும்.