மாதர் கால்பந்து கிளப்: துவக்க விழாவுக்குப் பின் என்ன?

2023-ம் ஆண்டு மார்ச் 3-ந் தேதி இரவு பெங்களூர் கண்டீரவா ஸ்டேடியத்தில் நடந்தது கால்பந்து ரசிகர்களுக்கு மறந்திருக்காது. இந்தியன் சூப்பர் லீக் நாக்-அவுட் பந்தயத்தின் கூடுதல் நேரத்தில், எதிரணியினர் தடுப்புச் சுவர் அமைத்து முடிப்பதற்குள் பெங்களூர் எஃப்.சி.யின் சுனில் சேத்ரி ஃப்ரீ கிக் அடித்து கோல் போட்டார். நடுவர் அதை அங்கீகரித்தார். கேரளா பிளாஸ்டர்ஸ் குழுவினர் ஆட்சேபித்து, ஆட்டம் முடியும் முன்பே மைதானத்தை விட்டு வெளியேறினர். இதற்காக அகில இந்திய கால்பந்து சம்மேளனத்தின் ஒழுங்கு நடவடிக்கைக் கமிட்டி அந்தக் கிளப்புக்கு 4 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அப்பீலும் பலன் தரவில்லை.

மைதானத்தை விட்டு வெளியேறியவர்கள் ஆண்கள். அதன் சுமை போய் விழுந்த இடமோ வேறு. அந்த ஆண்டு ஜூன் மாதத்தில் கேரளா பிளாஸ்டர்ஸ் தனது மாதர் குழுவைத் தற்காலிகமாக நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. சம்மேளனத்தின் அபராதத்தால் ஏற்பட்ட பண நெருக்கடியே காரணம் என்று கூறப்பட்டது. அந்த மாதர் குழு 2022 ஜூலையில்தான் தொடங்கப்பட்டிருந்தது. அதற்கு ஒரு வயது கூட நிறையவில்லை.

புதிய மாதர் கால்பந்து கிளப் தொடங்கப்படுகிறது என்றால் அதை வரவேற்காதவர் இல்லை. புதிய ஜெர்சி, பிரமுகர்களின் பேச்சு, பத்திரிகையாளர் கூட்டம் எல்லாம் சிறப்பாகவே நடந்தேறுகின்றன. ஆனால் கிளப்பின் ஆயுளை நிர்ணயிப்பது இந்த விழா அன்று. பணமுடை வரும் நாளில் முதலில் வெட்டப்படும் செலவு எது என்பதே அதை நிர்ணயிக்கிறது. மாதர் குழுவானது ஆண்கள் குழுவின் வாலாக மட்டும் இருக்கும் வரையில், அந்தக் கத்தி முதலில் அதன் மீதுதான் விழும்.

பதினெட்டு நாள் லீக்

இந்தியப் பெண்கள் கால்பந்துக்குப் புதியவர்கள் அல்லர். 1975-ம் ஆண்டிலேயே மாதர் கால்பந்துக்கெனத் தனி சம்மேளனம் தோன்றிவிட்டது. 1980-ல் கோழிக்கோட்டிலும் 1983-ல் பாங்காக்கிலும் நடைபெற்ற ஆசியப் போட்டிகளில் இந்தியா இரண்டாவது இடத்தைப் பெற்றது. ஆண்கள் குழு தடுமாறிக் கொண்டிருந்த காலத்தில் பெண்கள் பெற்ற வெற்றி இது. அதன் பின்னர் என்ன நேர்ந்தது? தேசியக் குழு இருந்தது. மாநிலங்களுக்கிடையிலான போட்டி இருந்தது. ஆண்டு முழுவதும் பயிற்சியும் சம்பளமும் அளித்து விளையாட வைக்கும் கிளப்புகள் மட்டும் இல்லை.

இந்திய மாதர் லீக் என்ற தேசிய அளவிலான கிளப் போட்டி உருவாக 2017-ம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்த முதல் லீக்கின் இறுதிச் சுற்று டெல்லியில் ஜனவரி 28-ந் தேதி ஆரம்பமாகி, பிப்ரவரி 14-ந் தேதி முடிந்துவிட்டது. ஆறு குழுக்கள் கலந்து கொண்டன. மணிப்பூரின் ஈஸ்டர்ன் ஸ்போர்ட்டிங் யூனியன் வென்றது. மொத்தம் பதினெட்டு நாட்கள்! ஆண்டில் பதினெட்டு நாள் கடையைத் திறந்துவிட்டு அதை வியாபாரம் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

அதனால்தான் இந்நாட்டின் சிறந்த வீராங்கனைகள் பலரும் போலீஸ், ரயில்வே போன்ற இலாகாக்களின் உத்தியோகத்தையே நம்பி வாழ்ந்திருக்கிறார்கள். இந்தியக் குழுவின் நட்சத்திரமாக விளங்கிய மணிப்பூரின் பாலாதேவி போலீஸ் உத்தியோகத்தில் இருந்தவர். 2020-ல் ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் கிளப் அவரை ஒப்பந்தம் செய்தபோதுதான், ஓர் இந்தியப் பெண் கால்பந்தைத் தொழிலாகக் கொண்டு ஐரோப்பாவுக்குச் செல்ல முடியும் என்பது நிரூபணமாயிற்று. கடலூர் மாவட்டத்தைச் சேர்ந்த இந்துமதி கதிரேசன் தமிழ்நாடு போலீசில் சப்-இன்ஸ்பெக்டர். அதே 2020-ல் கொரோனா ஊரடங்கின்போது அவர் சென்னைத் தெருக்களில் காவல் பணியில் நின்றார். உத்தியோகம் கௌரவமானதே. ஆனால் அது கிடைப்பது ஒரு சிலருக்கு மட்டுமே. மற்றப் பெண்கள் இருபது வயதுக்குள் பந்தை மூலையில் வைத்துவிட்டு வேறு பிழைப்பைத் தேடிப் போவது வழக்கமாகிவிட்டது.

பதினோராவது ஆட்டக்காரர்

2023-24 பருவத்தில் இந்த நிலையில் ஒரு மாறுதல் ஏற்பட்டது. லீக் பந்தயங்கள் முதல் முறையாக அந்தந்தக் கிளப்பின் சொந்த ஊரிலும் எதிரணியின் ஊரிலுமாக நடத்தப்பட்டன. ஏழு குழுக்கள்; ஒவ்வொன்றுக்கும் பன்னிரண்டு ஆட்டங்கள். ஒடிஷா எஃப்.சி. கோப்பையை வென்றது. அடுத்த பருவத்தில் குழுக்களின் எண்ணிக்கை எட்டாயிற்று. கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் வென்றது.

அந்த 2023-24 பருவத்துக்கென சம்மேளனம் விதித்த ஒரு நிபந்தனை முக்கியமானது. ஒவ்வொரு கிளப்பும் குறைந்தபட்சம் பத்து இந்திய வீராங்கனைகளுடன், ஆண்டுக்கு 3 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய்க்குக் குறையாத ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும் என்பதே அது. மாதக் கணக்கில் பார்த்தால் ஏறத்தாழ 26,600 ரூபாய். பெங்களூரில் வாடகை கொடுத்துக் குடியிருப்பவர்களுக்கு இந்தத் தொகையின் மதிப்பு தெரியும். பெரிய சம்பளம் அன்று. என்றாலும், "கைச்செலவுக்கு ஏதோ கொடுக்கிறோம்" என்ற நிலையிலிருந்து "சம்பளம்" என்ற நிலைக்கு வந்தது ஒரு முன்னேற்றமே.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. களத்தில் இறங்குபவர்கள் பதினொருவர். நிபந்தனை பாதுகாத்தது பத்துப் பேரை. பதினோராவது ஆட்டக்காரரும், மாற்று ஆட்டக்காரர்களாக வெளியே அமர்ந்திருக்கும் பெண்களும் கிளப் நிர்வாகத்தின் மனப்போக்கை நம்பியே இருக்க வேண்டும். பத்துப் பேருக்கான செலவு ஆண்டுக்கு 32 லட்சம். இருபத்தைந்து பேருக்கும் இதே சம்பளம் கொடுத்தால் 80 லட்சம். பயிற்சியாளர், மருத்துவ உதவியாளர், ரயில் மற்றும் விமானக் கட்டணம், தங்குமிடம், மைதான வாடகை ஆகியவை தனி.

கிரிக்கெட்டுக்கு மட்டும் எப்படி?

"பெண்கள் கிரிக்கெட்டுக்குப் பணம் கொட்டுகிறதே, கால்பந்துக்கு ஏன் இல்லை?" என்ற கேள்வி எழுவது இயல்பு. 2023 ஜனவரியில் மாதர் பிரிமியர் லீக்கின் ஐந்து குழுக்களை கிரிக்கெட் வாரியம் ஏறத்தாழ 4,670 கோடி ரூபாய்க்கு ஏலம் விட்டது. பெங்களூர் குழு மட்டும் 901 கோடிக்குப் போயிற்று. அக்குழு 2024-ல் கோப்பையை வென்றபோது நகரமே கொண்டாடியது.

இதன் சூட்சுமம் எளிதானது. ஏலத்துக்கு முன்பே ஐந்தாண்டுகளுக்கான ஒளிபரப்பு உரிமை 951 கோடிக்கு விற்கப்பட்டுவிட்டது. குழுவை வாங்கியவர்களுக்கு வருமானம் எந்த வழியில் வரும் என்பது முன்கூட்டியே தெரியும். கால்பந்தில் நிலைமை நேர் எதிரானது. கிளப் முதலில் செலவு செய்ய வேண்டும். வருமானம் என்றாவது வரும் என்று நம்ப வேண்டும். 2025-ல் ஆண்களின் இந்தியன் சூப்பர் லீக்கே வர்த்தக ஒப்பந்தச் சிக்கலால் குறித்த காலத்தில் தொடங்க முடியாமல் போயிற்று. அந்த ஆண்டு ஆகஸ்டில் பெங்களூர் எஃப்.சி.யே தனது முதல் குழு ஆட்டக்காரர்களின் சம்பளத்தை நிறுத்தி வைக்க நேர்ந்தது. ஆண்கள் குழுவுக்கே இந்தக் கதி என்றால் மாதர் குழுவின் கதி என்ன என்பதை விளக்க வேண்டியதில்லை.

அமெரிக்கா கற்ற பாடம்

பெண்கள் கால்பந்தில் உலகிலேயே முன்னணியில் நிற்கும் அமெரிக்காவும் இந்தப் பாடத்தை எளிதில் கற்றுவிடவில்லை. 2001-ல் ஆட்டங்களைத் தொடங்கிய அந்நாட்டின் முதல் தொழில்முறை மாதர் லீக், மூன்றே பருவங்களில் பெரும் நஷ்டத்துடன் மூடப்பட்டது. 2009-ல் வந்த இரண்டாவது லீக்கும் மூன்று பருவங்களே நீடித்தது. 2013-ல் தொடங்கிய மூன்றாவது லீக்தான் நிலைத்து நின்றது.

அதற்கு ஒரு முக்கிய காரணம், ஆரம்ப ஆண்டுகளில் தேசிய வீராங்கனைகளின் சம்பளத்தை அமெரிக்கா, கனடா, மெக்சிகோ நாடுகளின் கால்பந்து சம்மேளனங்கள் ஏற்றுக்கொண்டதுதான். கிளப்புகளின் தலைச்சுமை பாதி இறங்கிற்று. அவை மூச்சு விட்டுக்கொண்டு வளர்ந்தன. 2022-ல் அந்த லீக்கில் புதிதாகக் களமிறங்கிய லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் ஏஞ்சல் சிட்டி கிளப், இரண்டே ஆண்டுகளில் 25 கோடி டாலர் மதிப்பில் கைமாறியது. அந்த இரண்டு ஆண்டுகளுக்குப் பின்னே இரண்டு லீக்குகளின் சவக்குழி இருக்கிறது என்பதை மறந்துவிடலாகாது.

சீட்டுக் கம்பெனியின் பொறுமை

இந்தியாவில் நம்பிக்கையூட்டும் உதாரணம் இல்லாமல் இல்லை. அது பெரிய பணம் புழங்கும் கிளப்புகளிடமிருந்து வரவில்லை. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு சீட்டு நிறுவனத்தின் ஆதரவில் கோழிக்கோட்டில் இயங்கும் கோகுலம் கேரளா கிளப், 2020, 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் தொடர்ந்து மூன்று முறை மாதர் லீக் கோப்பையை வென்றது. முதல் வெற்றி பெங்களூர் கால்பந்து ஸ்டேடியத்தில் கிட்டியது. அதற்கு முந்திய 2019-ல் கோப்பையைத் தட்டிச் சென்றது மதுரையின் சேது எஃப்.சி. சீட்டு என்பது மாதந்தோறும் தவணை தவறாமல் கட்டினால்தான் பலன் தரும். மாதர் கிளப்பும் அப்படித்தான்.

இத்தகைய கிளப்புகள் என்ன செய்ய முடியும் என்பதற்குப் பஞ்சாபைச் சேர்ந்த மனிஷா கல்யாண் சாட்சி. சேது கிளப்பிலும் கோகுலத்திலும் ஆடிய அவர், 2022-ல் சைப்ரஸ் நாட்டு கிளப்புக்காக ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக்கில் களமிறங்கினார். தொடர்ந்து ஆட இடம் கிடைத்தால் திறமை தானே வழி கண்டுபிடித்துக் கொள்ளும்.

அதே கோகுலம் பட்ட வேதனையும் பதிவாக வேண்டும். 2022 ஆகஸ்டில் ஆசிய மாதர் கிளப் போட்டிக்காக அக்குழு தாஷ்கண்ட் போய்ச் சேர்ந்திருந்தது. அந்த நேரம் பார்த்து, நிர்வாகக் குளறுபடிகளுக்காக இந்திய சம்மேளனத்தை ஃபிஃபா சஸ்பெண்ட் செய்தது. இரு வாரத்துக்குள் தடை நீங்கிவிட்டது. ஆனால் அதற்குள் போட்டி கைநழுவிப் போய், பெண்கள் ஆடாமலே ஊர் திரும்பினர். யாரோ செய்த தவறுக்கு மாதர் குழு விலை கொடுத்த இன்னொரு சந்தர்ப்பம் அது.

பெங்களூரின் பங்கு

கால்பந்து பெங்களூர்த் தமிழர்களுக்கு வேற்று ஆட்டம் அன்று. ஆஸ்டின் டவுனும் அல்சூரை அடுத்த கௌதமபுரமும் தலைமுறை தலைமுறையாக ஆட்டக்காரர்களைத் தந்த பேட்டைகள். கௌதமபுரத்தில் புத்தர், அம்பேத்கர், அன்னை தெரசா ஆகியோருடன் பீலேக்கும் சிலை வைத்திருக்கிறார்கள். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக இந்தியாவின் கோலைப் போட்டவர் மைசூர் மாநில ஆட்டக்காரர் சாரங்கபாணி ராமன். இந்தப் பெருமையெல்லாம் ஆண்களைப் பற்றியதாகவே இருந்து வந்திருக்கிறது. ஆனால் பெங்களூரின் கிக்ஸ்டார்ட் கிளப் 2023-ல் மாதர் லீக் இறுதியாட்டம் வரை முன்னேறியது. தமிழ்நாட்டுப் பெண்கள் 2017-18, 2022-23 பருவங்களில் தேசிய சாம்பியன் பட்டத்தை வென்றிருக்கிறார்கள். 2025 ஜூலையில் இந்தியக் குழு தாய்லாந்தை அதன் சொந்த மண்ணில் 2-1 என்ற கணக்கில் தோற்கடித்து, 2026 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. தகுதிச் சுற்றில் வென்று அந்தப் போட்டிக்குள் நுழைந்தது இதுவே முதல் தடவை.

திறமைக்குப் பஞ்சமில்லை என்பது இதிலிருந்து தெளிவாகிறது. பஞ்சம் தொடர்ச்சிக்குத்தான். 2022-ல் பதினேழு வயதுக்குட்பட்ட பெண்களுக்கான உலகக் கோப்பையை இந்தியா தன் மண்ணில் நடத்தியது; மூன்று ஆட்டங்களிலும் தோற்றது. அதில் அமெரிக்காவிடம் 8-0. அந்தத் தோல்வியில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்தச் சிறுமிகள் இருபது, இருபத்திரண்டு வயதாகும்போது எங்கே ஆடுவார்கள் என்பதற்குப் பதில் இல்லாமல் போனால், அதுதான் வெட்கக்கேடு.

கேட்க வேண்டிய கேள்விகள்

எனவே இனி எந்த நகரத்தில் மாதர் கால்பந்து கிளப் தொடங்கினாலும், விழாவிலேயே சில கேள்விகளைக் கேட்டுவிடுவது நல்லது. ஒப்பந்தம் ஒரு பருவத்துக்கா, மூன்று ஆண்டுகளுக்கா? பத்துப் பேருக்கு மட்டும் சம்பளமா, குழு முழுவதற்குமா? மாதர் குழுவின் கணக்கு ஆண்கள் குழுவின் கணக்கிலிருந்து பிரித்து வைக்கப்பட்டுள்ளதா? பயிற்சிக்கு நிரந்தர மைதானம் உண்டா? பேட்டைச் சிறுமிகளுக்கு இளைஞர் குழு உண்டா? காயம் பட்டால் சிகிச்சைச் செலவு யாருடையது?

சம்மேளனத்துக்கும் ஒரு பொறுப்பு உண்டு. தவறு செய்த கிளப்புக்கு அபராதம் விதிப்பது அதன் உரிமை. அந்த அபராதத்தை மாதர் குழுவின் செலவைக் குறைத்துக் கட்டலாகாது என்று ஒரு விதி சேர்ப்பதும் அதன் கையில்தான் இருக்கிறது. அமெரிக்க உதாரணத்தைப் பின்பற்றி, தேசிய வீராங்கனைகளின் சம்பளத்தில் ஒரு பகுதியையாவது முதல் சில ஆண்டுகளுக்கு ஏற்றுக்கொண்டால், சிறிய கிளப்புகள் பிழைத்துக்கொள்ளும்.

ரசிகர்களின் கடமையும் சிறிதன்று. காலி நாற்காலிகளைக் காட்டி எந்தக் கம்பெனியிடமும் விளம்பரம் கேட்க முடியாது. ஆண்கள் பந்தயத்துக்குக் கண்டீரவா போகிறவர்களில் ஒரு பங்கினர் மாதர் பந்தயத்துக்கும் போனால், கணக்குப் புத்தகத்தில் அது தெரியும்.

முதல் நாள் மேடையில் ஜெர்சி அணிந்து நிற்கும் பெண்ணுக்கு, பன்னிரண்டாவது மாதச் சம்பளமும் தவறாமல் வந்து சேர வேண்டும். அதுவரை அந்தக் கிளப் தொடங்கப்பட்டதாகக் கருதுவதற்கில்லை.