ருஜுப் பொறுப்பு யாருடையது?

ஆகாயக் கப்பல் செய்யும் கம்பெனியில் ஒருவர் பெரிய இஞ்சினீயர் என்று சொன்னால், "மாதம் என்ன சம்பளம்?" என்று கேட்கத்தான் ஆள் இருக்கின்றதே ஒழிய, அவர் செய்யும் வேலை என்ன என்று கேட்பார் அபூர்வம். "இது தாங்கும் என்று காட்டு, காட்டும்வரை தாங்காது என்றே வைத்துக்கொள்வேன்" என்று பிடிவாதம் செய்வதே அவ்வேலையின் உயிர்நிலை என்பது நமது அபிப்பிராயம். நமக்கு இஞ்சினீயர் படிப்புக் கிடையாது. ஆனாலும் அமெரிக்காவில் 1986-ல் நடந்த காரியத்தை அறிய அப்படிப்பு வேண்டியதில்லை.

சாலஞ்சர் என்னும் ஆகாயக் கப்பலை மேலே தூக்கும் ராக்கட்டுகளை, யூட்டா மாகாணத்தில் மார்ட்டன் தயோக்கால் என்னும் கம்பெனி செய்து வந்தது. அவற்றைத் துண்டு துண்டாக ரயிலில் அனுப்பி, புளோரிடாவில் ஒன்றாகப் பூட்டுவார்கள். பூட்டும் இடத்தில் நெருப்புக் காற்று கசியாமலிருக்க இரண்டு ரப்பர் வளையங்கள். ராக்கட் பற்றியவுடன் அந்தப் பூட்டு சற்று விரியும். ரப்பர் அக்கணமே உப்பி அந்த இடைவெளியை அடைக்க வேண்டும். குளிரில் ரப்பர் விறைத்துக்கொள்ளும் என்பது சைக்கிள் டியூபைக் கையாண்டவனுக்குக்கூடத் தெரியும்.

1985 ஜனவரியில் 53 டிகிரி பாரன்ஹீட் குளிரில் போய் வந்த ராக்கட்டைப் பிரித்தபோது, இரு வளையங்களுக்கும் நடுவே கரி படிந்திருந்ததைத் தோழர் ரோஜர் பாய்ஸ்ஜோலி என்ற இஞ்சினீயர் கண்ணால் பார்த்தார். இதைக் கவனிக்காவிட்டால் மனித உயிர் போகும் என்று அவ்வருஷம் ஜூலை 31-ந் தேதியே மேலதிகாரிக்கு எழுதியும் வைத்தார்.

1986 ஜனவரி 27-ந் தேதி இரவு, மறுநாள் காலை கடுங்குளிராக இருக்கும் என்று தெரிந்தவுடன், கம்பெனி இஞ்சினீயர்கள் டெலிபோன் மூலம் "53 டிகிரிக்குக் கீழே விடவேண்டாம்" என்றார்கள். சர்க்கார் அதிகாரிகளுக்கு இது பிடிக்கவில்லை. முகூர்த்தம் தப்பிவிடுமே என்று பதறும் சம்பந்தியைப்போல் ஆனார்கள். "தவறிப்போகும் என்று ருஜுப்படுத்து பார்க்கலாம்" என்ற தோரணையில் பேச்சுத் திரும்பிற்று. கவனியுங்கள்! பத்திரம் என்று சொல்லுகிறவன் ருஜுப்படுத்த வேண்டியது போய், சந்தேகப்படுகிறவன் ருஜுப்படுத்த வேண்டியதாயிற்று. உலகத்தில் எல்லாப் புரட்டும் நிலைத்திருப்பது இந்த ஒரு தந்திரத்தால்தான்.

டெலிபோனை நிறுத்திவிட்டுக் கம்பெனியார் தங்களுக்குள் பேசினார்கள். பாய்ஸ்ஜோலியும் தோழர் ஆர்னி தாம்சனும் எழுந்து போய்ப் படத்தையும் போட்டோவையும் காட்டி மன்றாடினார்கள். இஞ்சினீயர் இலாகாவின் தலைவரைப் பார்த்து, "இஞ்சினீயர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகித் தொப்பியைப் போட்டுக்கொள்" என்றார் பெரிய முதலாளி அதிகாரி. அவரும் போட்டுக்கொண்டார். நான்கு நிர்வாகிகள் சம்மதம் கொடுத்தார்கள். புளோரிடாவில் இருந்த தோழர் ஆலன் மெக்டொனால்டு மட்டும் கையெழுத்துப் போட முடியாது என்று மறுத்துவிட்டார். யூட்டாவிலிருந்து வேறொருவர் போட்டு அனுப்பினார்.

மறுநாள், கிளம்பிய 73-வது விநாடியில் கப்பல் சிதறிற்று. ஒரு பள்ளிக்கூட உபாத்தியாயினி உட்பட 7 பேர் மாண்டார்கள். பிறகு விசாரணைக் கமிட்டியில் இருந்த விஞ்ஞானி ரிச்சர்ட் பெயின்மன், அந்த ரப்பரை ஒரு கிளாஸ் ஐஸ் தண்ணீரில் போட்டெடுத்து, அது விறைத்திருப்பதைச் சபையில் காட்டினார். இதற்குச் செலவு எவ்வளவு ஆகியிருக்கும்?

"இதற்கு முன் 24 தடவை பத்திரமாக வரவில்லையா?" என்பார்கள் சிலர். வந்தது மெய். அரிக்கப்பட்ட வளையங்களோடும் சில தடவை வந்தது. பிழைத்து வந்ததையே சாட்சியாக வைத்தால், கண்ணை மூடிக்கொண்டு தெருவைக் கடந்தவனும் சாட்சி சொல்லலாம்.

மெக்டொனால்டு விசாரணையில் உள்ளதைச் சொன்னதற்குக் கம்பெனி அவரைப் பதவியிலிருந்து இறக்கிற்று. அமெரிக்கச் சட்டசபை தலையிட்ட பின்பே நிலைமை மாறி, அந்தப் பூட்டைத் திருத்திச் செய்யும் வேலை அவரிடமே வந்தது. மூன்றாவது வளையமும், குளிரில் சூடேற்றும் மின்சாரக் கருவியும் அப்போது சேர்ந்தன. பாய்ஸ்ஜோலியைக் கூட வேலை செய்தவர்களே ஒதுக்கினார்கள். அவர் அக்கம்பெனியை விட்டே போய்விட்டார்.

2003 பிப்ரவரி 1-ந் தேதி கொலம்பியா என்னும் மற்றொரு கப்பல் திரும்பி வருகையில் உடைந்து, மறுபடியும் 7 பேர் மாண்டார்கள். கிளம்பும்போது பெயர்ந்த நுரைத் துண்டு இறக்கையில் அடித்திருந்தது. இறக்கையைப் படம் பிடித்துப் பார்க்க வேண்டுமென்று அங்கும் இஞ்சினீயர்கள் கேட்டார்கள். நுரை முன்னேயும் விழுந்திருக்கிறது, கப்பல் பத்திரமாகத்தான் வந்திருக்கிறது என்று இருந்துவிட்டார்கள் நிர்வாகிகள்.