குதிரை சுமக்கும் என்ற சாக்கு

நடப்பது குதிரை, மேலே உட்கார்ந்திருப்பவனுக்கு எதற்கு உடற்பயிற்சி? இளைஞர்களைக் காட்டுக்குள் குதிரைப் பயணத்துக்கு அனுப்பும் அமெரிக்கக் குடும்பங்களில் இந்தக் கேள்வி வெகு சகஜம். நியூ மெக்ஸிகோவில் சிமரோன் ஊருக்கு அருகே இருக்கும் ஃபில்மாண்ட் சாரணர் பண்ணையை எடுத்துக்கொள்வோம். டல்சா நகரத்து எண்ணெய் அதிபர் வெயிட் ஃபிலிப்ஸ் 1938லும் 1941லும் சாரணர் இயக்கத்துக்குத் தானமாகக் கொடுத்த மலைநிலம் அது. இன்று சுமார் 1,40,000 ஏக்கர். முதுகில் மூட்டையோடு அங்கே மலையேறப் போகிறவன் உடம்பைத் தயார்செய்ய வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் அதே பண்ணையில் ‘கேவல்கேட்’ என்ற எட்டு நாள் குதிரைப் பயணமும் உண்டு. அதற்குப் பெயர் கொடுத்தவன் மட்டும் கஷ்டத்திலிருந்து தப்பித்துவிட்டதாக நினைக்கப்படுகிறான். இந்த நினைப்பு தவறு. அதன் விலையைப் பெரும்பாலும் கொடுப்பது வாயில்லாத குதிரை என்பதால் இது கண்டிக்கத்தக்கதும்கூட.

சவாரி என்பது சும்மா உட்கார்ந்திருப்பதல்ல. உடலுழைப்பை அளக்க ‘மெட்’ என்றொரு அலகு உண்டு. சும்மா இருக்கும் உடலின் செலவு 1. குதிரை நடக்கும்போதே சவாரி செய்பவரின் செலவு 3.8 மெட் என்று ஆய்வாளர்கள் பயன்படுத்தும் அட்டவணை சொல்கிறது. மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் தரையில் நடப்பதற்கு இது குறைந்ததல்ல. குதிரை குலுங்கி ஓடினால் 5.8, பாய்ந்தால் 7.3. அந்த வேலையைச் செய்பவை உள்தொடை, இடுப்பு, அடிமுதுகு, வயிற்றுத் தசைகள். பள்ளி நாற்காலியிலும் காரிலும் நாளைக் கழிக்கும் பதினான்கு வயதுப் பிள்ளைக்கு இவை பெரும்பாலும் உறங்கிக்கிடப்பவை. பழகாத தசையின் வலி அன்றைக்கே உச்சத்துக்கு வருவதில்லை. ஒன்று முதல் மூன்று நாள் கழித்தே வரும். ஒரு மணி நேர உல்லாசச் சவாரி யாருக்கும் பாடம் புகட்டாததற்குக் காரணம் இதுதான். எட்டு நாள் பயணத்தில் அந்த உச்சம் பாதிவழியில், வாகனம் எட்டாத இடத்தில் வந்து சேரும். போதாததற்கு உயரம் வேறு: அடிவார முகாமே கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 6,700 அடியில் இருக்கிறது. 10,000 அடிக்குப் போனால் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் 70 சதவீதம்தான்.

இனி குதிரையின் பக்கம். 2008இல் ஒஹாயோவில் நடந்த ஓர் ஆய்வில் குதிரைகள் மீது அவற்றின் எடையில் 15, 20, 25, 30 சதவீதச் சுமைகளை ஏற்றிப் பார்த்தார்கள். 25ஐத் தொட்டதும் இதயத்துடிப்பு கூடியது, தசைவலி தெரிந்தது. 20 சதவீதம் என்ற பழைய குதிரைக்காரர் கணக்கு சரியென்று ஆயிற்று. 500 கிலோ குதிரைக்கு அது 100 கிலோ. அமெரிக்க மேற்குப் பாணிச் சேணமே பெரும்பாலும் 15 கிலோ அளவில் இருக்கும். ஃபில்மாண்ட் வைத்திருக்கும் உச்சவரம்பு 200 பவுண்டு, அதாவது சுமார் 90 கிலோ. கூட்டிப் பாருங்கள், அது ஒன்றும் கறாரான வரம்பல்ல. ஆனால் தராசில் தேறிவிட்டால் தயார் என்று நினைப்பது அடுத்த மயக்கம். குதிரை குலுங்கி ஓடும்போது அதன் முதுகில் விழும் உச்ச விசை சவாரியாளரின் எடையைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அங்கவடியில் காலூன்றி எழுந்து நின்றால் அது கணிசமாகக் குறைகிறது. எழுந்து நிற்கத் தொடையில் வலு வேண்டும். வலுவற்றவன் மத்தியானத்துக்குள் சரிந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து, கடிவாளத்தைப் பிடித்துத் தொங்குகிறான். அவன் செய்யவேண்டிய வேலையைக் குதிரையின் முதுகும் வாயும் செய்கின்றன. சேணம் ஒரே இடத்தில் உராய்ந்து குதிரையின் முதுகு புண்ணாகிறது. இதைத்தான் ‘குதிரை பார்த்துக்கொள்ளும்’ என்கிறார்கள்.

மங்கோலியப் பிள்ளைகள் எந்த உடற்பயிற்சிக்கூடத்துக்குப் போனார்கள் என்று கேட்கலாம். நாதாம் விழாவில் அவர்கள் 15 முதல் 30 கிலோமீட்டர் வரை குதிரைப் பந்தயம் ஓடுவது உண்மை. நடக்கத் தொடங்கிய வயதிலிருந்தே குதிரை மேல் இருக்கிற பிள்ளைகள் அவர்கள். அந்த வாழ்க்கையே பயிற்சி. அவர்களைச் சாட்சிக்கு அழைப்பவர் என் கட்சிக்குத்தான் வலு சேர்க்கிறார். ஓடுகிறவன், கால்பந்து ஆடுகிறவன் தனியாகப் பயிற்சி செய்யவேண்டுமா என்பது இதைவிட நியாயமான கேள்வி. மூச்சு அவனுக்கு உதவும், உயரத்தில் கட்டாயம் உதவும். உள்தொடைக்கு மட்டும் அந்தப் பழக்கம் போதாது.

பருமனான பிள்ளைகளை ஒதுக்கிவைக்கும் பேச்சு இது என்ற ஆட்சேபத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. எடைவரம்பு பிள்ளையை அவமதிக்க வந்ததல்ல, குதிரையின் எலும்பைக் கணக்கிட்டு வந்தது. ஆனால் வளரும் வயதில் புறப்படுவதற்கு முந்தைய மாதம் பட்டினி கிடந்து பத்துக் கிலோ இறக்குவது பயிற்சியே அல்ல. அப்படி இளைத்தவன் வலுவில்லாமல் வந்து சேருவான். வரம்புக்குள் இருக்கிற, தொடையில் உரமுள்ள கனத்த பிள்ளையே குதிரைக்கு நல்ல துணை. சவாரி வகுப்புக்குப் பணம் ஏது என்பார்கள். முடிந்தவர்கள் வாரம் ஒருமுறையாவது சேணத்தில் ஏறட்டும், இரண்டு மூன்று மாதம் முன்பே. முடியாதவர்களுக்கு மாடிப்படி இருக்கிறது. உட்கார்ந்து எழும் தோப்புக்கரணம் இருக்கிறது. ஒற்றைக்காலில் நின்று பழகத் திண்ணை விளிம்பு போதும். 15 கிலோ அரிசி மூட்டையைத் தினம் பத்துமுறை நெஞ்சுயரத்துக்குத் தூக்கி வைக்கலாம். அந்த மலையில் குதிரைக்குச் சேணம் பூட்டும் வேலையும் பிள்ளைகளுடையதுதான்.