காலைப் பார்க்கும் வேலை கேவலமா?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

என்னிடம் படித்த ஒருவரின் மகள் பிசியோதெரபி முடித்திருக்கிறாள். அடுத்து போடியாட்ரி, அதாவது பாதப் பராமரிப்புத் துறைக்குப் போக ஆசைப்படுகிறாள். வீட்டிலோ, "இவ்வளவு படிச்சுட்டு அடுத்தவன் காலைப் பிடிக்கவா?" என்று கேட்கிறார்களாம். என் கருத்து இதுதான்: தாராளமாகப் போகட்டும். ஆனால் எந்த இடத்தில் வேலை செய்வது என்பதை யோசித்துப் போகட்டும்.

நம் நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-இல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொல்கிறது. பல வருடம் சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் கால் நரம்பு மரத்துப்போகும். நம் சிதறாலில் விடியுமுன் ரப்பர் வெட்டப் போகிறவருக்கு முள் குத்தினாலும் தெரியாது. உச்சி வெயிலில் மலைக்கோவில் பாறையில் வெறுங்காலோடு நடந்தால் கொப்பளித்ததும் தெரியாது. வலி இல்லாததால் புண்ணை யாரும் கவனிப்பதில்லை. நாற்றம் வந்தபின் ஆஸ்பத்திரிக்குப் போனால் விரல் போகும், சிலருக்குக் காலே போகும். ரப்பர் வெட்டுகிறவருக்குக் கால் போனால் அந்த வீட்டு அடுப்பு எப்படி எரியும்?

இந்த உண்மையை உலகத்துக்குச் சொன்ன இடங்களில் நம் வேலூரும் ஒன்று. 1946-இல் அங்கே வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கால் புண்ணாவதற்கு முக்கியக் காரணம் உணர்ச்சி போனதுதான் என்று காட்டினார். மெத்தென்ற ரப்பர் அடித்தட்டு வைத்த செருப்பால் புண்ணைத் தடுக்கலாம் என்பதும் அந்த அனுபவத்தில் கிடைத்த பாடம். அவர் அமெரிக்கா போனபின் அதே பாடம் சர்க்கரை நோயாளிகளின் கால்களுக்கும் உதவியது. ஆக, இது நகம் வெட்டுகிற வேலை மட்டும் இல்லை, காலைக் காப்பாற்றுகிற வேலை.

இங்கிலாந்தில் இதற்குத் தனிப் பட்டப்படிப்பும் பதிவும் உண்டு. நம் நாட்டில் பெரும்பாலும் பிசியோதெரபி, நர்சிங், செயற்கைக் கால் தயாரிப்பு போன்றவை படித்தவர்களே மேற்பயிற்சி பெற்று இதற்கு வருகிறார்கள். 2021-இல் வந்த துணை மருத்துவத் தொழில்கள் சட்டம் இந்தத் தொழிலையும் பெயர் சொல்லிப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஆகவே சேருமுன், தரும் சான்றிதழுக்கு அங்கீகாரம் உண்டா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

இனி வேலை இடம். பெரிய ஆஸ்பத்திரியில் மாதச் சம்பளம் நிச்சயம், தினமும் பலவிதப் புண்களைப் பார்க்கலாம், பக்கத்திலேயே அறுவைச் சிகிச்சை டாக்டர் இருப்பார். ஆனால் அங்கே வருகிறவர்களில் பலர் புண் முற்றிய பிறகே வருவார்கள். மார்த்தாண்டத்திலோ நாகர்கோவிலிலோ சொந்தமாகக் கிளினிக் வைத்தால் சுதந்திரம் உண்டு. ஆனால் வலிக்காத காலைக் காட்டப் பணம் கொடுத்து யார் வருவார்கள்? முதல் சில வருடம் கஷ்டம்தான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதற்கென்று தனிப் பணியிடம் எதிர்பார்க்க முடியாது. ஆனால் புண் வருமுன்னே ஆளைப் பார்க்கக்கூடிய இடம் அதுதான்.

என் யோசனை: முதல் இரண்டு மூன்று வருடம் பெரிய ஆஸ்பத்திரியில் கை பழகட்டும். பிறகு ஊர்ப்பக்கம் வந்து, ஒரு சர்க்கரை நோய் டாக்டரோடு சேர்ந்து வேலை செய்யட்டும். பயிற்சி முடிந்த கையோடு தனியாகக் கடை திறக்க வேண்டாம்.

வேலைக்குச் சேருமுன் மூன்று கேள்வி கேட்க வேண்டும். புண் இல்லாதவர் காலையும் நைலான் இழை வைத்து உணர்ச்சி பார்ப்பீர்களா, கட்டு மாற்றுவது மட்டும்தானா? கால் குளிர்ந்து, விரல் கறுத்து வருகிறவரை அன்றைக்கே எந்த டாக்டரிடம் அனுப்புவீர்கள்? காலுக்கேற்ற செருப்பு செய்து தர ஆள் உண்டா? மூன்றுக்கும் நல்ல பதில் வந்தால், சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் அந்த இடமே நல்லது என்பேன்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. கண் டாக்டர், பல் டாக்டர் என்றால் பெருமையாகச் சொல்கிறோம். நாள் முழுக்க நம்மைச் சுமக்கிற காலைப் பார்க்கிறவள் மட்டும் எப்படித் தாழ்ந்து போவாள்?

சர்க்கரை உள்ள சொந்தங்கள் இன்று ராத்திரி படுக்குமுன் உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் பாருங்கள். குனிய முடியாவிட்டால் பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள்.